பீருக்கும் தண்ணீர் ராசி உண்டு!

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பார்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோவைக்காரர், பெங்களூருக்கு வந்து எத்தனை வருடம் ஆனாலும் அதன் சுவையை மறப்பதில்லை.

அல்வாவுக்கே இப்படி என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கும் பீருக்கு எப்படி இருக்கும்?

தண்ணீர் ராசியால் உலகப் புகழ் பெற்ற ஊர்கள் உண்டு. அந்த ராசியை ரசாயன நிபுணர்கள் தராசில் நிறுத்துப் போடும் உப்பாக மாற்றிய கதை சுவையானது.

கப்பலில் வந்த பீர்

இங்கிலாந்தில் டிரென்ட் நதிக்கரையில் இருக்கிறது பர்ட்டன் என்ற ஊர். அங்குள்ள கிணற்று நீர், ஜிப்சம் படிவங்களின் ஊடே ஊறி வருகிறது. நம் ஊரில் நிலக்கடலைச் செடிக்குப் போடுகிறார்களே, அதே ஜிப்சம்தான்! ரசாயனப் பெயர், கால்சியம் சல்பேட்.

அந்த நீரில் காய்ச்சிய பீர் தெளிவாகவும், கசப்பு எடுப்பாகவும் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஆல்சாப், பாஸ் ஆகிய பர்ட்டன் கம்பெனிகள் அதைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பின. துரைமார்கள் விரும்பிக் குடித்த அந்த ரகத்துக்கு 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

லண்டன் கம்பெனிகளின் பீர் அந்தப் பக்குவத்துக்கு வரவில்லை. சில கம்பெனிகள் பர்ட்டனுக்கே போய் ஆலை வைத்தன!

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ரகசியம் வெளிப்பட்டது. ஜிப்சம் சேர்த்தால் எந்த ஊர்த் தண்ணீரையும் பர்ட்டன் தண்ணீர் போல ஆக்கலாம் என்று தெரிந்தது. தண்ணீரைத் தேடி ஊர் விட்டு ஊர் போகும் அவசியம் அன்றோடு தீர்ந்தது.

செக் நாட்டின் பில்சன் இதற்கு நேர்மாறு. அங்கே தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. 1842-ல் ஜோசப் குரோல் என்பவர் அதைக் கொண்டு காய்ச்சிய பொன்னிற பீர், உலகம் முழுவதும் பரவியது.

எந்த உப்பு என்ன செய்யும்?

இன்று பல ஆலைகளில் முதலில் 'ஆர்.ஓ.' முறையில் தண்ணீரைச் சுத்தம் செய்து, உப்புகளைப் பெரும்பாலும் நீக்கி விடுகிறார்கள். பிறகு தேவையானதை மட்டும் அளந்து சேர்க்கிறார்கள்.

கால்சியம், ஊறவைத்த மால்ட் கூழின் அமிலத்தன்மையைச் சரியான நிலைக்குக் கொண்டு வருகிறது. அப்போதுதான் மாவுச்சத்து நன்றாகச் சர்க்கரையாக மாறும். சல்பேட், கசப்பை எடுத்துக் காட்டும். குளோரைடு, மால்ட்டின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும்.

கணக்கும் எளிதுதான். 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 2 கிராம் ஜிப்சமும், 2 கிராம் கால்சியம் குளோரைடும் கரைத்தால், லிட்டருக்குச் சுமார் 50 மில்லி கிராம் கால்சியம் கிடைக்கும். சல்பேட் 56, குளோரைடு 48 என்று ஏறக்குறைய சமமாக நிற்கும். கசப்பு தூக்கலாக வேண்டுமென்றால் ஜிப்சத்தைக் கூட்டுவார்கள். இவை உணவுத் தரம் உள்ள உப்புகளாக இருக்க வேண்டும். வயலுக்கும் கட்டடத்துக்கும் போடும் ஜிப்சம் ஆகாது.

எச்சரிக்கை!

இங்கிலாந்தில் 1963 முதல், சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் இதற்கு 1978-ல் சட்டம் வந்தது.

இங்கே அந்தச் சலுகை இல்லை. கர்நாடகக் கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "இரண்டு பாட்டில்தானே" என்று அறையில் காய்ச்சினால், கேஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும். பிழைக்க வந்த ஊரில் வேலைக்கும் ஆபத்து. பெங்களூரில் உரிமம் பெற்ற சிறு ஆலைகள் பல இருக்கின்றன. இந்த வித்தை அவர்களோடு இருக்கட்டும்.

வீட்டுக் குடத்துக்கு

ஆனால், இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. உப்பே இல்லாத தண்ணீர்தான் உயர்ந்த தண்ணீர் என்பது தவறு.

லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பதே குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம். உங்கள் வீட்டுத் தண்ணீர் அதற்குள் இருந்து, சோதனையில் வேறு குறை எதுவும் தெரியாவிட்டால், உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி தேவையில்லை. கிருமிக்குப் பயந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். பல வீட்டு ஆர்.ஓ. கருவிகள், தருகிற தண்ணீரைவிடக் கழிக்கிற தண்ணீரே அதிகம்.

பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்பதற்காகத் தவணையில் கருவி வாங்குமுன், ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். செலவு மிச்சம், தண்ணீரும் மிச்சம்!