கடுகளவு மட்டிக்குப் பெயர் வைக்கும் முறை

கடல் மட்டிகளில், முழு வளர்ச்சி அடைந்தும் கடுகளவைத் தாண்டாத இனங்கள் பல உண்டு. தென்பெண்ணையாறு சோரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலில் சேரும் இடத்தைப் போன்ற முகத்துவாரங்களின் சேற்றிலும் மணலிலும் இவற்றைத் தேடலாம்.

அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சேற்றை அலசி, தங்குவதை ஆல்கஹாலில் போடுவார்கள். ஃபார்மலினைத் தவிர்ப்பார்கள்; அது நாளடைவில் அமிலமாகி ஓட்டை அரித்துவிடும். மரபணுச் சோதனைக்கும் இடைஞ்சல்.

கையில் இருப்பது பெரிய மட்டியின் குஞ்சா, வளர்ந்த சிறிய மட்டியா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே முட்டைகள் இருந்தால் வளர்ந்தது. அடுத்து, இரு ஓடுகளையும் இணைக்கும் கீலின் பற்கள், தசை ஒட்டியிருந்த தழும்புகள், ஓட்டின் உச்சியில் மிஞ்சியிருக்கும் இளம்பருவ ஓடு ஆகியவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பார்கள்.

பிறகு பழைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த எண்ணூரிலும் கொச்சியிலும் உப்பங்கழிகளில் சேகரித்த மெல்லுடலிகளைப் பற்றி எச். பி. பிரெஸ்டன் எழுதிய அறிக்கை, 1916-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் வெளியானது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால், பொதுவாக முதலில் வெளியானதே நிலைக்கும்.

புதிய இனம்தான் என்று தெளிவானால், ஒரு மாதிரியைப் பெயருக்கு ஆதாரமான ‘ஹோலோடைப்’ என அறிவித்து அருங்காட்சியகத்தில் சேர்ப்பார்கள். பேரினம், சிற்றினம் என இரு சொல் பெயருடன் விவரிப்பு ஆய்விதழில் வரும். இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்விதழ் என்றால், 2012 முதல் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ‘ஸூபேங்க்’கில் பதிவும் கட்டாயம்.