சக்தி நுண்செயலியைப் பழகும் பலகை: மின்சாரமும் மென்பொருளும்

மதிப்பீட்டுப் பலகை என்பது ஒரு சில்லை நமது மின்சுற்றில் சேர்ப்பதற்கு முன் பழகிப் பார்க்க உதவும் ஆயத்தப் பலகை ஆகும். சில்லுடன் மின்னழுத்தச் சீராக்கி, கடிகாரம், நினைவகம், யூஎஸ்பி முனை ஆகியவையும் அதில் பொருத்தப்பட்டிருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய நுண்செயலி சக்தி. ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட இதன் வடிவமைப்பை யாரும் இலவசமாகப் பெறலாம். சில்லு கையில் இல்லாதவர்கள் ஆர்ட்டி ஏ7 என்ற பலகையில் இதை இயக்கிப் பார்க்கிறார்கள். அதன் நடுவில் இருப்பது எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லு. அதற்குள் எந்த வடிவமைப்பை ஏற்றுகிறோமோ, அந்தச் சுற்றாகவே அது நடந்துகொள்ளும்.

முதலில் மின்சாரம். யூஎஸ்பி முனை தரும் 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட், தொடக்கப் பயிற்சிகளுக்குப் போதும். மோட்டார் போன்றவற்றுக்குத் தனி மின்வழங்கல் வைத்து, இரண்டின் தரைக் கம்பிகளையும் இணைக்க வேண்டும். பலகையின் வட்ட முனைக்கு 7 முதல் 15 வோல்ட் வரை தரும், நடு ஊசி நேர்மின்னாக உள்ள அடாப்டர் தேவை. வீட்டில் கிடக்கும் 5 வோல்ட் அடாப்டர் அதில் செருகுவதற்குப் பொருந்தினாலும் உதவாது.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இப்பலகையின் துளை வரிசை ஆர்டுயினோவைப் போலவே இருக்கும். ஆனால் இதன் முனைகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஆர்டுயினோ ஊனோவுக்கான 5 வோல்ட் உணரியை நேரே இணைத்தால் விலையுயர்ந்த சில்லு பழுதாகலாம். உணரியிலிருந்து 1.8 கிலோஓம், தரைக்கு 3.3 கிலோஓம் என இரு மின்தடைகளை வைத்து நடுவிலிருந்து எடுத்தால் 5 வோல்ட் ஏறத்தாழ 3.2 வோல்ட்டாகக் குறையும். சில ரூபாய்ச் செலவுதான்.

அடுத்து மென்பொருள். வடிவமைப்பைச் சில்லில் ஏற்ற விவாடோ என்ற மென்பொருள் வேண்டும். இதன் இலவசப் பதிப்பே பல பத்து ஜிகாபைட் அளவு வரும். கைப்பேசி இணையத்தை நம்பியிருக்கும் மாணவர்கள், நல்ல இணைப்புள்ள கல்லூரியில் ஒருமுறை இறக்கி வன்தட்டில் எடுத்து வருவது நல்லது. லினக்ஸில் விவாடோவை நிறுவிய பிறகு வட இயக்கியையும் தனியாக நிறுவ வேண்டும். இதை மறந்துவிட்டுப் பலகையைக் குறை சொல்பவர்கள் பலர். அதன்பின் சக்தி திட்டத்தின் மென்பொருள் தொகுப்பையும் ரிஸ்க்-ஃபைவ் நிரல்பெயர்ப்பியையும் நிறுவலாம்.

கணினி பலகையை அடையாளம் காணவில்லையா? முதலில் வடத்தை மாற்றுங்கள். சில கைப்பேசி வடங்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே உண்டு, தரவுக் கம்பிகள் இல்லை. பலகையில் விளக்கு எரியும், கணினியிலோ ஒன்றும் தெரியாது. திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் தொடர்முனை வேகத்தைப் பாருங்கள். பலகை 19,200 வேகத்தில் அனுப்பும்போது கணினியில் 9,600 இருந்தால் எழுத்துகள் சிதையும்.

எஃப்.பி.ஜி.ஏ.வில் நேரடியாக ஏற்றிய வடிவமைப்பு மின்சாரம் போனதும் அழிந்துவிடும். அதனால் அதைப் பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி, ஜேபி1 இணைப்பியையும் பொருத்திவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் சக்தி தானே எழும். எழுதும்போது மின்சாரம் நின்றாலும் பலகை கெட்டுவிடாது, யூஎஸ்பி வழியாக மீண்டும் எழுதலாம். ஆயினும் மின்கலமுள்ள மடிக்கணினியில் இந்த வேலையைச் செய்வது நிம்மதி.

திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். வேலை முடிந்ததும் பலகையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.