வாடை வராத கிளட்ச்

தை மாசம் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கடைமடை வயல்களில் அறுவடை நடக்கும்போது, நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் ரோட்டுக்கு இழுத்து ஏற்றும் இடத்தில் நின்றால் ஒரு கருகல் வாடை மூக்கில் ஏறும். ஓட்டுநர் கிளட்சை முழுக்க விடவும் இல்லை, முழுக்க மிதிக்கவும் இல்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஈர மண்ணில் புதைந்த சக்கரம் மெல்ல அசைகிறது. இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் கிளட்ச் பிளேட்டில் உரசலாகிச் சூடாகிறது. "ஆஃப் கிளட்ச்லயே ஓட்டாதப்பா" என்று பட்டறையில் சொல்வது இதனால்தான்.

ஆனால் வழுக்கல் இல்லாமல் பாரம் கிளம்பாது. டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு அறுநூறு, எழுநூறு சுற்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். நிற்கும் சக்கரத்தோடு அதைச் சேர்க்க நடுவில் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். வழுக்கினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான் வண்டிக்கு வண்டி வேறுபாடு.

புதுக்கோட்டைச் சாலைகளில் பிக்கப் என்றால் பெரும்பாலும் பொலேரோவும் குட்டியானையும்தான். இரண்டிலும் கால் கிளட்ச். இசுசூ வி-கிராஸ், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் வகையும் கிடைக்கிறது. அதில் கிளட்ச் பெடல் இல்லை. அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர்.

எண்ணெய் நிறைந்த மூடிய கூடு அது. எஞ்சினோடு சேர்ந்த துடுப்புச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றி வீசும்; எதிரே இருக்கும் இன்னொரு துடுப்புச் சக்கரம் அந்த வீச்சை வாங்கித் தானும் சுற்றி, கியர்பாக்ஸையும் சுற்றவைக்கும். நடுவில் இருக்கும் மூன்றாவது சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டு, கிளம்பும் நேரத்தில் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் இதற்கு 1905-ல் காப்புரிமை வாங்கியது காருக்காக அல்ல, கப்பலுக்காக. நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் நல்லது. இரண்டையும் பல்சக்கரம் இல்லாமல் இணைக்க அவர் கண்ட வழி இது.

1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேயர், எடைக் கற்களை இறக்கி அந்த விசையால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் சூடாவதை அளந்து காட்டினார். டார்க் கன்வெர்ட்டருக்குள் நடப்பதும் அதே சோதனைதான். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், எடைக் கல்லுக்குப் பதில் டீசல் எஞ்சின்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரெய்லரை இழுக்கும்போது எஞ்சின் 40 கிலோவாட் கொடுக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 4 கிலோவாட் சூடு. நான்கு இஸ்திரிப் பெட்டிகளை எண்ணெய்க்குள் போட்ட மாதிரி. உள்ளே இருப்பது எட்டு லிட்டர் எண்ணெய் என்று கொண்டால், குளிர்விக்க ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால் மூன்றரை விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். 80 டிகிரியில் இருந்தது இரண்டரை நிமிடத்துக்குள் 120-ஐத் தொட்டுவிடும்.

80, 90 டிகிரி வரை இந்த எண்ணெய்க்குக் கவலையில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் கையாளும் தோராயக் கணக்கு. 115 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் பிசினாகி உள்ளே படியத் தொடங்கும். இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகும். டிராக்டர் கிளட்ச் வாடை அடித்து எச்சரிக்கிறது. இங்கே சூடு மூடிய கூட்டுக்குள், எண்ணெய்க்குள். வாடை வெளியே வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆகவே மூக்கு செய்த வேலையை இங்கே வெப்பமானிதான் செய்ய வேண்டும். டேஷ்போர்டில் அது இல்லாத வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் சின்னக் கருவியைச் செருகி, வண்டி அந்தத் தகவலைத் தருமானால், போனிலேயே பார்க்கலாம்.

சூட்டைக் குறைக்க முதல் வழி வழுக்கலைக் குறைப்பது. ஓரளவு வேகம் எடுத்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் எதிரெதிரே இருக்கும் இரண்டு துடுப்புச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டியபின் வழுக்கலும் இல்லை, அதனால் வரும் சூடும் இல்லை. பாரத்தோடு மேல் கியரில் போனால் இழுவை போதாமல் பூட்டுத் திறக்கும், கியர் இறங்கும், மறுபடி ஏறும். இந்தத் தடுமாற்றத்தில்தான் எண்ணெய் காய்கிறது. லீவரை மேனுவலுக்குத் தள்ளி ஒரு கியர் குறைத்து ஓட்டினால் எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், பூட்டு நிலைத்திருக்கும். டீசல் வீணாகிறதே என்று மேல் கியருக்கு ஆசைப்படுவது, என் கணக்கில், தப்பான சிக்கனம்.

நம் மாவட்டத்தில் நீண்ட மலைப்பாதை இல்லை. அதனால் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஊர்வதுதான் மோசம். கடைவீதி நெரிசலிலும் மணல் பாதையிலும் லாக்-அப் பூட்டாது, எதிர்காற்றும் கிடைக்காது. பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விப்பது ரேடியேட்டர் தண்ணீர்தான். அதுவே 90 டிகிரியில் இருக்கும்போது எண்ணெய் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் முன்பக்கத்தில் காற்றால் குளிரும் தனி ஆயில் கூலர் வைப்பது இதனால்தான். வைக்கோல் தூசி அதன் தகட்டிடுக்குகளை அடைத்துவிடும். அறுவடை முடிந்ததும் மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவ வேண்டும்.

வெப்பமானியில் சூடு ஏறிவிட்டால் எஞ்சினை அணைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். அந்த நிலையில் வழுக்கல் சூடு அநேகமாக இல்லை. எண்ணெய் பம்ப் மட்டும் சுற்றி, சூடான எண்ணெயைக் கூலருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். லீவரை டி-யிலேயே (டிரைவ்) வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் எஞ்சின் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டாலோ பம்பும் நின்று, சூடு இருந்த இடத்திலேயே தங்கிவிடும்.