பழம்பொருளும் பாட்டும்

பழைய பித்தளையையும் இரும்பையும் பேரீச்சம்பழத்துக்குப் போடுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். பொருளின் பயன் தீர்ந்துவிட்டதா, நமக்குத்தான் அதன் அருமை மறந்துவிட்டதா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் பிழைக்க வந்திருக்கும் இம்மட்டாஞ்சேரியோ, பழம்பொருளைப் போற்றியே வாழும் ஊர்.

இங்குள்ள யூதத்தெருவின் கோடியில், 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் ஆலயம் நிற்கின்றது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், அத்தெருவாசிகளுள் பெரும்பாலோர் சிறிது சிறிதாகப் புறப்பட்டுச் சென்றனர். மிளகும் சுக்கும் மணந்த கிடங்குகள் பல பழம்பொருட் கடைகளாயின. செதுக்குவேலைக் கதவு, வெண்கல உருளி, சுவர்க்கடிகாரம், கிராமபோன் பெட்டி ஆகியவற்றை அங்கே காணலாம். காயலான் கடையில் எடைக்குப் போகும் பொருள், இத்தெருவில் தன் கதையோடு விலை போகின்றது.

பாட்டுக்கும் இவ்வூரில் பஞ்சமில்லை. கொச்சியில் பிறந்த பாடகர் மெஹ்பூப் (1926–1981) திருமண வீடுகளிலும் நண்பர்கள் கூடும் மெஹ்பில்களிலும் பாடியே மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றவர். அவர் பாடலைக் கேட்கச் சபாவும் வேண்டியதில்லை, நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை. 2012 டிசம்பர் 12-இல் முதன்முறையாகத் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் கலைக்கண்காட்சியும் பாழடைந்த கிடங்குகளையே ஓவியக் கூடங்களாக்கிற்று.

இத்தகைய இடம் அழிந்தால் நேரும் இழப்பைச் சென்னைவாசிகள் அறிவர். 1900-இல் எழுந்த மூர் மார்க்கெட்டில் ஏழை மாணவனுக்குக் குறைந்த விலையில் பாடநூல் கிடைத்தது. இசைப்பிரியருக்குப் பழைய இசைத்தட்டுக் கிடைத்தது. 1985-இல் அது தீக்கிரையாயிற்று. கடைக்காரர் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்குச் சென்றனர். பழைய இடத்திலோ இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கின்றது. ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு அந்நிலையத்தின் தேவை தெரியும். ஆயினும் அம்மார்க்கெட்டை எண்ணாமல் அங்கே இறங்க இயலவில்லை.

நம்மவர் நிலை யாது? மாற்றல் உத்தரவு வந்தவுடன் பாதிச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அண்மையில் மாற்றலாகிப் போன அன்பர் ஒருவர் தம் தாயாரின் சுருதிப்பெட்டியை விறகு விலைக்குக் கொடுத்தார். அதே தெருவில் பாட்டுப் பயிலும் சிறுமி ஒருத்தி சுருதிப்பெட்டிக்கு ஏங்கி நின்றாள். ஒருவர் தேவையை மற்றவர் அறியாமையே இதற்குக் காரணம்.

ஆகவே, ஆண்டுக்கொரு முறை நம் சங்கத்தில் ஒரு பழம்பொருட் சந்தை நடத்தலாகாதா? வீட்டுக்கொரு பொருள் வரட்டும். அது எவ்வூரிலிருந்து வந்தது, யார் கையாண்டது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவோம். சிறுவர் தம் ஓவியங்களை வைக்கட்டும், தாய்மார் கோலமிடட்டும், பாடத் தெரிந்தோர் பாடட்டும். போர்ட் கொச்சி வண்ணான் துறையில் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வரும் தமிழ்ப் பெரியோரை முதலில் அழைப்போம். கரிப்பெட்டியின் அருமையை அவர்களைவிட அறிந்தவர் யார்? வரும் தொகை நூல்நிலையத்துக்கு ஆகட்டும்.

ஊரைவிட்டு வந்த நமக்கு அடிக்கடி வீடு மாறும், தெரு மாறும். பாட்டி கைபட்ட செம்பாவது மற்றொரு தமிழ் வீட்டில் தங்கட்டும். அன்பர்கள் தம் கருத்தைச் செயலாளருக்கு எழுதுவார்களாக.