ஒரு டம்ளர் ரசத்தில் எவ்வளவு சூடு?

உதகையில் என் அத்தை வீட்டில் தேங்காய் எண்ணெயை யாரும் ஊற்ற மாட்டார்கள். தோண்டித்தான் எடுப்பார்கள். வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். அந்த வீட்டில் அதற்கென்றே வாய் அகன்ற ஒரு பாட்டிலும், காம்பு வளைந்த ஒரு ஸ்பூனும் இருக்கின்றன.

அரையாண்டு விடுமுறைக்கு அக்கா மகள் யாழினியை அங்கே கூட்டிப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாலை ஐந்தரைக்கே ஸ்வெட்டர், குல்லாய், அதற்கு மேல் ஒரு போர்வை என்று மூட்டையாகிவிட்டாள். அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இரு கண்ணு, மிளகு ரசம் வெக்கறேன். ஒரு டம்ளர் குடிச்சா குளிர் ஓடிப்போயிரும்."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, ஒரு டம்ளர் ரசம் குடிச்சா உடம்பு எத்தனை டிகிரி ஏறும்?"

கணக்குப் போட்டுவிடலாம் என்றேன். நேரமும் நிறைய இருந்தது. உதகையில் பருப்பு வேக வேண்டுமே!

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது, அதன் அழுத்தமும் குறைகிறது. தண்ணீர் ஆவியாகப் புறப்படும்போது அதை அமுக்கிப் பிடிப்பது இந்தக் காற்றழுத்தம்தான். பிடி தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது. பார்வைக்கு அதே கொதிதான், சூடுதான் குறைவு. அதில் துவரம்பருப்பைப் போட்டால் நெடுநேரம் கல்லாகவே கிடக்கும்.

குக்கர் இருக்கிறதே என்பீர்கள். சமவெளியில் குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடு ஏறும். ஆனால் குக்கரின் வெயிட், வெளியே இருக்கும் அழுத்தத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவை மட்டுமே கூட்டிக் கொடுக்கும். வெளியே இருப்பதே குறைவு என்றால் உள்ளே மொத்தமாகச் சேர்வதும் குறைவு. உதகைக் குக்கருக்குள் நாலு டிகிரி போலக் குறைந்துவிடும். "கீழ ஊர்ல நாலு விசில்னா இங்க ஆறு" என்று அத்தை வைத்திருக்கும் கணக்கு இதுதான். அவர் எந்தப் பாடப் புத்தகத்திலும் அதைப் படிக்கவில்லை.

பருப்புத் தண்ணீர் தயாரானதும் அத்தை ஈயச்சொம்பை எடுத்தார். ரசத்துக்கென்றே வைத்திருக்கும் பாத்திரம். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். நஞ்சான காரீயம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புத் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடு. பின் எப்படிச் சொம்பு உருகாமல் இருக்கிறது?

உள்ளே இருக்கும் ரசம்தான் காவல். தீ கொடுக்கும் சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கி ஆவியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தன் கொதிநிலையைத் தாண்டாது, தன்னை ஒட்டியிருக்கும் சொம்பையும் அதிகம் தாண்டவிடாது. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் சொம்பே ரசம் மாதிரி ஓடிவிடும். அத்தையின் கல்யாணச் சீரில் வந்த ஈயச்சொம்பு அப்படித்தான் போனதாம். இப்போது இருப்பது இரண்டாவது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டம்ளர் ரசம் 200 மில்லி. குடிக்கும்போது அதன் சூடு 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பு 37. ரசம் வயிற்றுக்குள் போய் 37-க்கு ஆறும்போது, அந்த 23 டிகிரிச் சூட்டை உடம்புக்குக் கொடுத்துவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். 200-ஐ 23-ஆல் பெருக்கினால் 4,600 கலோரி. (பிஸ்கட் உறையில் போட்டிருக்கும் கலோரி இதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பிள்ளைகளைக் குழப்பியது யாரோ!)

யாழினியின் எடை 35 கிலோ, அதாவது 35,000 கிராம். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் முழுவதும் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டோம். 4,600-ஐ 35,000-ஆல் வகுத்தாள். 0.13 வந்தது. எலும்பு, கொழுப்பு எல்லாம் பார்த்துத் திருத்தினாலும் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது.

"இவ்வளவுதானா?" அவள் முகம் விழுந்துவிட்டது.

நான் குடித்தால் இன்னும் மோசம். பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர் உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். 4,600 கலோரி என்பது அந்தப் பல்பு மூன்று நிமிடம் எரிவதற்குச் சமம். அத்தையின் ஒரு டம்ளர் ரசத்துக்கு மூன்று நிமிடம்!

ஆனாலும் ரசம் குடித்தவருக்குக் குளிர் விட்டுப்போகிறதே, அது பொய்யா?

பொய்யில்லை. குளிரை நமக்குச் சொல்வது பெரும்பாலும் தோல்தான். உள்ளே இரத்தம் 37 டிகிரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல்களும் மூக்கு நுனியும் விறைத்துப்போய்ப் புகார் சொல்லும். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் முதலில் அந்த விரல்கள் அடங்கும். முகத்தில் படும் ஆவியும் சாதாரண ஆளில்லை. ஒரு கிராம் ஆவி மறுபடி தண்ணீராகும்போது 540 கலோரிக்கு மேல் சூட்டை விட்டுவிட்டுப் போகும். சுடுகிற ரசத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பதில் பாதிச் சுகம் இதில் இருக்கிறது.

மீதியைக் கவனித்துக்கொள்வது மிளகு. மிளகு நம் உடம்பை ஏமாற்றும் ஆள்!

நாக்கு, வாய், தொண்டை நரம்புகளின் நுனியில் நுண்ணிய வாசல்கள் உண்டு. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அவை திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். இந்த வாசலுக்கு டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் அவர் குழுவினரும் மிளகாய்க் காரத்தை வைத்து ஆராய்ந்து 1997-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயில் இருக்கும் கேப்சைசினும் மிளகில் இருக்கும் பைப்பரினும் சூடே இல்லாமல் இந்த வாசலைத் திறந்துவிடும் கள்ளச்சாவிகள். மூளைக்குப் போவது அதே 'சுடுகிறது' செய்திதான்.

பைப்பரினை மிளகிலிருந்து 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். பெயர் தெரிந்ததுபோல் இருக்கிறதா? மறு வருடம், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

ஒரே வாசல் என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரே ரசத்தை இரண்டு கிண்ணத்தில் எடுங்கள். ஒன்றை நன்றாக ஆறவிடுங்கள், மற்றது குடிக்கிற சூட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு வாய் குடித்துப் பாருங்கள். சூடான ரசம்தான் அதிகம் உறைக்கும். மிளகு பாதி தள்ளிய கதவைச் சூடு முழுக்கத் தள்ளுகிறது.

இன்னொன்று: மேலே தெளிவாக நிற்கும் ரசத்தையும் அடியில் தங்கிய மண்டியையும் தனித்தனியே சுவையுங்கள். மண்டிதான் காரம். பைப்பரின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, நெய்யில் கரையும். மிளகைத் தட்டி நெய்யில் தாளித்துக் கொட்டுகிற வழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிடுவதும் அப்படித்தான். கொதிக்கவிட்டால் பெருங்காயம், சீரக வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். உதகைத் தண்ணீர் மெதுவாகச் சுடுவதால் எங்க ஊர் ரசத்துக்கு வாசம் அதிகம் என்பார் அத்தை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொதித்தால் எந்த ஊரிலும் வாசம் போகத்தான் செய்யும். அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

யாழினி இரண்டு டம்ளர் குடித்தாள். மூக்கு ஒழுகியது. மேல் உதட்டில் முத்து முத்தாக வியர்த்தது. போர்வை போனது, குல்லாய் போனது. உண்மையில் அப்போது அவள் உடம்பு சூட்டை இழந்துகொண்டிருந்தது. 'சுடுகிறது' என்ற பொய்ச் செய்தியை நம்பிய உடம்பு, இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி, வியர்க்க வைத்து, தன்னை ஆறவைக்கப் பார்க்கிறது. வெயில் கொளுத்தும் ஊர்களில் காரம் தின்பவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் யாழினி கட்டிலை விட்டு எழவில்லை. "காய்ச்சல் மாமா, பாருங்க" என்று வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினாள். 101 டிகிரி ஃபாரன்ஹீட்.

அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆவி பறக்கும் காலி டம்ளர் ஒன்று இருந்தது. எதுவும் பேசாமல் தெர்மாமீட்டரைத் துடைத்து, யாழினியின் அக்குளில் செருகிவிட்டு, பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தார்.