கடை திறக்கும் நேரம் நமக்கும் தெரிய வேண்டும்



கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன், வட்டி என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பேச்சு டாஸ்மாக்கில் வந்து நிற்கிறது. "விடியக்காலையிலேயே விக்கிறாங்களே, கேக்க ஆளில்லையா மேடம்?" என்கிறீர்கள். கேட்கலாம். அதற்கு முதலில் சட்டப்படி நேரம் என்ன என்று தெரிய வேண்டும்.

2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறைக் கடைகளை நடத்துவது அரசின் டாஸ்மாக் நிறுவனம். முன்பு கடை காலை 10 மணிக்கே திறக்கும். 2016 மே மாதம் முதல்வராக மீண்டும் பொறுப்பேற்ற ஜெயலலிதா அதைப் பகல் 12 ஆக்கினார். 500 கடைகளையும் மூட உத்தரவிட்டார். நடுவில் கொரோனா காலத்தில் நேரம் மாறினாலும், பிறகு மறுபடி பகல் 12 முதல் இரவு 10 வரை என்றே ஆனது. இந்த இரண்டு மணி நேரம் சின்ன விஷயமில்லை. வேலைக்குக் கிளம்பும் ஆளுக்கு வழியில் கடை திறந்திருந்தால் அன்றைக்குக் கூலியே போச்சு.

அப்படியானால் காலை 7 மணிக்கு கிடைக்கும் குவார்ட்டர் எங்கிருந்து வருகிறது? முந்தின நாளே வாங்கிப் பதுக்கி, விலை ஏற்றி விற்கும் சந்துக்கடையிலிருந்துதான். அது முழுக்கக் குற்றம். எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி, குழுவாகப் போய் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தனியாக யாரும் போக வேண்டாம். கோபத்தில் பாட்டிலை உடைக்கவும் வேண்டாம், வழக்கு நம் மேலேயே திரும்பும்.

கடை இருக்கும் இடத்துக்கும் விதி உண்டு. மாநகராட்சி, நகராட்சியில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. நம் கிராமங்களில் அது 100 மீட்டர்.

இங்கிலாந்தில் 2005 நவம்பரில் மதுக்கடை நேரத்தைத் தளர்த்தினார்கள். ஆனாலும் ஒரு கடை கூடுதல் நேரம் கேட்டால், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் உள்ளாட்சியில் ஆட்சேபம் சொல்ல வழி வைத்தார்கள். நமக்கு அந்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடும். வேடிக்கை என்னவென்றால் இந்த நான்கு நாளும் டாஸ்மாக்குக்கு லீவு. முந்தின நாளே வாங்கி வைக்காத ஆண்களாவது தெளிவாக வந்து உட்காருவார்கள்!

தீர்மானம் போட்ட மறுநாளே கடை மூடிவிடாது. தீர்மானத்தின் நகலை வாங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள். போகும் முன் ஊக்குநரிடம் சொன்னால் மனு எழுத நானும் வருகிறேன்.