உங்களுக்குத் தெரியுமா? காதுக்குள் ஓயாத வெடி

● தீப்பெட்டிக்குக் கோவில்பட்டி, பட்டாசுக்குச் சிவகாசி. கரிசல் பூமிக்குச் சோறு போடும் தொழில்களே சில நேரம் உயிரையும் வாங்குகின்றன. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

● இப்படியான விபத்தில் தப்பியவருக்குத் தீக்காயம் ஆறிய பிறகும் வெடிமருந்து வாடை பட்டாலே நெஞ்சு படபடக்கலாம், தூக்கத்தில் அலறலாம். ஒரு மாதம் தாண்டியும் இது தொடர்ந்தால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயாக இருக்கலாம். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது.

● இந்நோய்க்கான அறிவாற்றல் சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. “நாந்தான அவள வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன், என்னாலதான் போயிட்டா” என்ற எண்ணத்தைக் கையிலெடுத்து, ‘வெடிக்கும் என்று அன்று தெரியுமா?’ என நிதானமாக அலசவைக்கிறது. இச்சிகிச்சையின் ஒரு வகை பொதுவாகச் சுமார் 12 அமர்வுகள் கொண்டது.

● உதவிக்கு: டெலி மானஸ், 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.